பௌதிகத்திலிருந்து யாழுக்கு, கதையிலிருந்து கணினிக்கு

மட்டக்களப்பு கல்லடியில் இசை, நடனம், நாடகம், ஓவியம் படிப்பிக்கிற பல்கலைக்கழக நிறுவகத்துக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு விபுலாநந்தரை முத்தமிழ் வித்தகராகத் தெரியும். காவியுடுத்த படம் ஒன்று எல்லாருடைய மனத்திலும் இருக்கும். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்த மயில்வாகனம் மாஸ்டராக, துறவுக்கு முந்திய பெயரில், அவரை அவ்வளவாகத் தெரியாது. அழகியலில் பட்டம் எடுத்து வெளியே வருகிற அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று எதிர்த்திசையில் நடக்கப் பார்க்கிறார்கள். மேடையையும் தூரிகையையும் வைத்துவிட்டு ஐ.டி. பக்கம் போகலாமா என்பது அவர்களின் கேள்வி.

கல்லடியிலிருந்து வடக்கே, திருகோணமலை வீதியில் ஏறக்குறைய அறுபது கிலோமீற்றர் போனால் வாகரை. அங்கே இந்தக் கேள்விக்குப் பட்டமும் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்துபோனது. 2006இன் கடைசியிலும் 2007 ஜனவரியிலும் போரால் ஊரே இடம்பெயர்ந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் புத்தகப்பையோடு ஓடிய பிள்ளைகளுக்கு இப்போது முப்பதை ஒட்டிய வயது. கடலுக்கும் வயலுக்கும் போகாதவர்களில் சிலர் கைக்கு வந்த கலைத்தொழிலைப் பிடித்துக்கொண்டார்கள். கலியாண வீட்டு அல்பம், கோயில் திருவிழாப் பதாகை, மரண அறிவித்தல், வீடியோ எடிட்டிங், கூத்துக்கு ஒப்பனை என்று ஓடுகிற தொழில் அது. மாதம் தவறாமல் வருமானம் தருவதில்லை. கொழும்பில் மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிற மச்சானின் சம்பளத்தைக் கேள்விப்பட்டதும் மனம் அசைவது இயற்கை.

முப்பது வயதில் துறை மாறலாமா என்று கேட்பவருக்கு, மாறிக் காட்டிய இருவரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். ஒருவர் விபுலாநந்தர். மற்றவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. முன்னவர் விஞ்ஞானத்திலிருந்து கலைக்குப் போனவர், பின்னவர் கலையிலிருந்து கணினிக்குப் போனவர். இருவரும் ஒரே பாதையில் எதிரெதிராக நடந்திருக்கிறார்கள். காலமும் நாடும் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டில் சில இடங்கள் பொருந்தா. பொருந்தாத இடங்களிலும் கற்க விஷயம் இருக்கிறது.

விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தார். அந்த ஊர் இன்று அம்பாறை மாவட்டத்தில் இருந்தாலும் அன்று மட்டக்களப்பைச் சேர்ந்தது. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர், 1916இல் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இரண்டும் ஒரே ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். 1920இல் இலண்டன் பி.எஸ்ஸி. தேறினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்துவிட்டு 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. வாகரைப் பையன் இன்று நிற்கிற வயதுதான். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர், இமயமலை மாயாவதியில் ஆங்கில இதழாசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று வாழ்க்கை ஓடியது. அந்த ஓட்டத்தின் ஊடே பதினான்கு ஆண்டுகள் போல உழைத்து எழுதிய நூல் ‘யாழ் நூல்’. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது.

யாழ் நூலைத் திறந்து பார்த்தவருக்கு, பௌதிக ஆசிரியர் எங்கும் போய்விடவில்லை என்பது விளங்கும். யாழ் என்ற கருவி தமிழர் கையிலிருந்து மறைந்து நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எஞ்சியவை சிலப்பதிகார அரங்கேற்று காதையின் சில வரிகளும் அவற்றுக்குப் பழைய உரைகாரர் எழுதிய விளக்கங்களும். பாடல் தெரிந்த புலவர்களுக்கு அந்த வரிகள் புரியவில்லை. இசை தெரிந்தவர்களுக்கு அந்தத் தமிழ் எட்டவில்லை. விபுலாநந்தர் அவற்றைக் கணக்காக வாசித்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் முதற் சுரமான குரல் அடுத்த நிலையில் கேட்கும். மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் சுரமான இளி கேட்கும். இளிக்கு இளியாகப் பன்னிரண்டு முறை ஏறிப்போனால் தொடங்கிய குரலுக்குச் சரியாகத் திரும்பாமல் மயிரளவு மிஞ்சும். இதெல்லாம் பள்ளிக்கூடத்து ஒலியியல். இந்த விகிதங்களை வைத்துக்கொண்டு அவர் பாலை எனப்பட்ட பழந்தமிழ்ச் சுர வரிசைகளின் திரிபை நிறுவினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், சீறியாழ் ஆகியவற்றுக்கு உருவம் தேடினார். நூலின் இயல்களுக்கு வைத்த பெயர்களிலேயே அந்த மனப்போக்குத் தெரிகிறது: யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத் திரிபியல். ஒரு பொறியைக் கழற்றிப் பகுதி பகுதியாக விளக்குகிறவரின் வரிசை அது. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இசையறிஞர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. கேள்வியை அந்த வடிவத்தில் கேட்க ஒரு விஞ்ஞான ஆசிரியர் வேண்டியிருந்தது என்பதே இங்கு முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. துறவியான பிறகும் அவர் விஞ்ஞானத்தை விட்டுவிடவில்லை. 1930களில் சென்னையில் விஞ்ஞானப் பாடங்களுக்கான தமிழ்க் கலைச்சொற்களைத் தொகுத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அவர்தான்.

இனி சிங்கப்பூர். நா. கோவிந்தசாமி 1946இல் பிறந்தவர். தமிழாசிரியர், சிறுகதை எழுதுகிறவர், நாவலாசிரியர். 1970களில் ‘இலக்கியக் களம்’ என்ற அமைப்பைத் தொடங்கிப் பத்திரிகையில் வரும் கதைகளைக் கூடியிருந்து விமர்சிக்கிற பழக்கத்தை உண்டாக்கினார். அந்தக் கூட்டங்களில் தப்பித்த கதைகள் குறைவாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1994இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்றார். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர் வேலை. எழுத்தாளர் ஒருவர் ஓய்வுவரை நிம்மதியாக இருந்துவிடக்கூடிய இடம்.

1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்ற ஒரு திட்டம் வந்தது. ஆங்கிலத்துக்குச் சிக்கல் இல்லை. மலாய் உரோம எழுத்திலேயே எழுதப்படுவதால் அதற்கும் இல்லை. சீனத்துக்குப் பெரிய நாடுகளும் பெரிய சந்தையும் முன்பே வழி செய்திருந்தன. தமிழ் மட்டும் வாசலில் நின்றது. ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்குப் பிடித்த இடத்தில் எழுத்துகளை வைத்திருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றதில் திறந்தால் குப்பையாக வரும். அன்றைய எட்டு பிட் அட்டவணையில் 256 இடங்கள். அதில் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மிஞ்சிய பாதிக்குள் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247 எழுத்துகளையும் காட்ட ஒரு வழி கண்டாக வேண்டும்.

கோவிந்தசாமி அந்தச் சிக்கலில் இறங்கினார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆய்வுப் பிரிவை நடத்திக்கொண்டிருந்த டான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து வேலை செய்தார். 1995 அக்டோபர் 27இல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த அந்தக் கவிதைத் தளத்தில் தமிழும் இருந்தது. ‘கணியன்’ என்ற பெயரில் அவருடைய தமிழ் மென்பொருள் வந்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்நின்றவர்களில் அவர் முக்கியமானவர். 1999 பெப்ரவரியில் சென்னையில் கூடிய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை உறுதியானது. அதே ஆண்டு மே மாதம் அவர் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. விபுலாநந்தரும் யாழ் நூல் அரங்கேறி இரண்டு மாதம் முடியுமுன், 1947 ஜூலை 19இல் போய்விட்டார். தாம் தேடியதன் பலனை இருவரும் அதிக நாள் அனுபவிக்கவில்லை.

தமிழ்99 பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வசதி தெரிந்திருக்கும். ஒரே மெய்க்குரிய விசையை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ககரத்தை இருமுறை தட்டினால் ‘க்க’. ஙகரத்தைத் தட்டிக் ககரத்தைத் தட்டினால் ‘ங்க’. தமிழில் எந்த மெய் எதனோடு மயங்கும் என்ற இலக்கண அறிவு இல்லாமல் இந்த விதி பிறந்திருக்காது. நிரல் எழுதத் தெரிந்தவர் மட்டும் உட்கார்ந்திருந்தால் புள்ளிக்குத் தனியாக ஒரு விசையை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

இருவருக்கும் பொதுவானது என்ன என்று தேடினால் ‘ஆர்வம்’, ‘விடாமுயற்சி’ என்று எழுதத் தோன்றும். அவை எல்லாருக்கும் உண்டு. வாகரையில் மழைக்கால இரவில் ஜெனரேற்றர் வெளிச்சத்தில் அல்பம் முடிக்கிற பையனுக்கும் உண்டு. இந்த இருவரிடமும் நான் காண்பது வேறு. ஒரு துறையில் தீராமல் கிடந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டுதான் இவர்கள் மற்றத் துறையில் விடை தேடினார்கள். மறைந்த யாழின் நரம்புக்கு நீளம் என்ன என்பது தமிழ் படித்த விபுலாநந்தரின் கேள்வி. விடை பௌதிகத்தில் இருந்தது. தமிழ்க் கவிதையைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது எழுத்தாளர் கோவிந்தசாமியின் கேள்வி. விடை கணினியில் இருந்தது. கேள்வி கையில் இருந்ததால் மற்றத் துறையில் எதைப் படிப்பது, எதை விடுவது என்று அவர்களுக்குத் தெரிந்தது. சம்பளத்தை மட்டும் நினைத்து மாறுகிறவருக்கு இந்தத் திசைகாட்டி இல்லை. அவர் முதல் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் படித்து, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்துவிட்டு வந்த இருபது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டிவரும்.

தமிழ்க் கணிமையின் தொடக்கக் காலத்தைப் பார்த்தால் இப்படி வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். டான் டின் வீ உயிர்வேதியியல்காரர். ‘மயிலை’ எழுத்துருவையும் மதுரைத் திட்டத்தையும் தந்த கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் பொறியாளர், கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். 1985இல் முரசு மென்பொருளில் தொடங்கி எழுத்து வரைகிறவராகவே ஆகிவிட்டார். ஆப்பிள் கணினிகளில் உள்ள ‘இணைமதி’ அவர் வடித்தது. பொறியாளர் கோடும் வளைவும் பழகுகிறார், கதாசிரியர் அட்டவணை போடுகிறார். அந்தக் காலத்தில் யாரும் இதைத் துறைமாற்றம் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இருவரையும் புகழ்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லாமல் விடுகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாறும்போது இருவருக்கும் சோறு இருந்தது. விபுலாநந்தருக்கு மடம் இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது, நூலை அச்சேற்றப் பொருள் தந்த செட்டியார் இருந்தார். கோவிந்தசாமி விரிவுரையாளர் வேலையை விடாமல்தான் கணினியில் இறங்கினார். பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவே துணைக்கு இருந்தது. இருவருக்கும் ஆங்கிலம் கைவசம். வாகரைப் பையனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ‘அவரால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது’ என்று தன்முன்னேற்ற மேடைகளில் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

ஆனால் கேள்வி அவனிடமும் இருக்கிறது. அதை அவன் கேள்வியாகப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். இந்தப் பக்கத்து அச்சகங்களிலும் ஸ்ரூடியோக்களிலும் தமிழ் என்றால் பாமினி எழுத்துரு. பழைய போட்டோஷொப்பில் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக உடைந்து விழும். அதனால்தான் பாமினி இத்தனை காலம் நின்றது. பாமினியில் ‘கொ’ எழுத, கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று விசை. யூனிகோட் ககரத்தை முதலில் வைத்து, ஒகரக் குறியைப் பின்னால் வைக்கும். கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டுவது எழுத்துகளைத் திரையில் அடுக்குகிற மென்பொருளின் வேலை. பாமினியில் தட்டிய மரண அறிவித்தலை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டுவதன் காரணம், அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருப்பதுதான். இதைத் தினமும் அனுபவிக்கிற பதாகைக்காரர், ஏன் இப்படி நடக்கிறது என்று ஒரு நாள் தேடத் தொடங்கினால், 1995இல் கோவிந்தசாமி நின்ற வாசலுக்கே வந்துவிடுகிறார். பாமினியை யூனிகோடாக்கும் சிறு நிரலைத் தானே எழுதிப் பார்ப்பதைவிட நல்ல முதல் பாடம் அவருக்குக் கிடைக்காது. ஏற்கெனவே அப்படி எத்தனையோ மாற்றிகள் இருக்கின்றன என்பது ஒரு குறையே அல்ல.

எல்லாக் கலையும் இப்படிக் கைகொடுக்காது. கூத்தில் தாளக்கட்டுத் தெரிந்தவனுக்கு நிரலாக்கம் தானாக வரும் என்று சில பேச்சாளர்கள் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் நினைவாற்றல் பெரியது, ஆனால் அது வேறு வேலைக்குப் பழகிய நினைவாற்றல். அல்பம் வடிவமைக்கிறவர் இடைமுக வடிவமைப்புக்குப் போவது கிட்டிய தூரம்: அடுக்கு, நிறம், எழுத்தளவு, பார்வை எங்கே முதலில் போகும் என்ற கணிப்பு எல்லாம் அங்கேயும் வேண்டும். ஆனால் அல்பத்தைப் பார்க்கிறவர் அழகு பார்க்கிறார். செயலியைத் தொடுகிறவர் வேலை முடிக்கப் பார்க்கிறார். பென்சன்காரரான ஒரு மாமி கைப்பேசியில் எந்தப் பொத்தானில் தடுமாறுகிறார் என்று பக்கத்திலிருந்து கவனிக்கிற பொறுமையைப் புதிதாகப் பழக வேண்டும். வீடியோ எடிட் பண்ணுகிறவருக்கு நிரலாக்கம் தூரம், ஆனால் காட்சி விளைவுகளுக்கான மென்பொருள்களில் சிறு நிரல்கள் எழுதும் தேவை வரும். அது ஒரு நுழைவழி. நாடகம் படித்தவருக்கு, தமிழ்க் குரலைக் கணினி அறிய உதவும் தரவுத் தொகுப்பு வேலைகள் இருக்கின்றன. மொசில்லாவின் பொதுக்குரல் திட்டத்தில் தமிழும் உண்டு. மட்டக்களப்புப் பேச்சின் இழுப்பையும் அழுத்தத்தையும் காதால் பிரித்தறிந்து சொல்ல, உச்சரிப்புப் பயிற்சி பெற்றவரைவிடப் பொருத்தமானவர் யார்?

படிப்புக்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்துகிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், கலைப்பிரிவில் உயர்தரம் படித்தவர்களுக்கும் கதவு திறந்தது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். தடையாக வருவது பாடத்தைவிட ஆங்கிலம்தான், பரீட்சை ஆங்கிலத்தில். வாகரையிலிருந்து போகிறவர் முதல் ஆண்டில் அரைப்பங்கு உழைப்பை மொழிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பலர் இடையில் விடுவதற்குக் காரணம் கணிதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வினாத்தாளை வாசித்து விளங்குவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

விபுலாநந்தருக்கு மடமும் கோவிந்தசாமிக்குக் கழகமும் கொடுத்ததை வாகரையில் யார் கொடுப்பார்? ஒரு நிறுவனமும் முன்வரப் போவதில்லை என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். கோவிந்தசாமியைப் போலப் பழைய வேலையை விடாமல் மாறுவதுதான் இங்கே நடக்கக்கூடியது. 1922இல் விபுலாநந்தர் செய்ததுபோல ஒரே நாளில் எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போவது, பிள்ளைகுட்டி உள்ளவருக்கு ஆகாது. கமராவை விற்றுக் கணினி வகுப்புக்குக் காசு கட்டுகிறேன் என்று வருகிறவரைத் தடுக்க வேண்டும். தையிலும் ஆவணியிலும் கலியாணங்கள். ஆனியிலிருந்து கோயில் திருவிழாக்கள். அந்த மாதங்களின் வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆடியில் திருவிழா இருந்தாலும் கலியாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. மார்கழியில் பெரும்பாலும் மழையும் வெள்ளமும், வெளி ஓடருக்குப் போகவும் முடியாது. ஸ்ரூடியோவில் அதே கணினி, அதே இணைய இணைப்பு, ஆள் மட்டும் சும்மா. பாடங்களில் கடினமானவற்றை அந்த இரண்டு மாதங்களுக்கு ஒதுக்கி, மற்ற மாதங்களில் இரவு ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்துக்கு வைத்தால், மூன்று ஆண்டுப் பட்டம் ஐந்து ஆண்டு ஆகலாம். முப்பதில் தொடங்குகிறவருக்கு அப்போது முப்பத்தைந்து. கோவிந்தசாமி கவிதைத் தளத்தை முடித்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது.